முகவரியும் யாண்டும்: பழைய விளையாட்டு நிரல்களின் நினைவக எண்களைப் படித்தல்

4000 என்ற எண் கணினி நினைவகத்தின் எந்த இடத்தைக் குறிக்கிறது? எண்ணை மட்டும் பார்த்து விடை கூற இயலாது. எட்டடிமானத்தில் படித்தால் 2048ஆம் இடம். பத்தடிமானத்தில் 4000ஆம் இடம். பதினாறடிமானத்தில் 16384ஆம் இடம். பழைய கணினி விளையாட்டுகளை ஆர்வத்தால் ஆராய்வோரும் திருத்துவோரும் நாள்தோறும் செய்யும் முகவரி மாற்றம் வெறும் கணக்காகவே கருதப்படுகிறது. அது ஓர் ஆவண வாசிப்பு என்பதே என் வாதம்.

முதலில், எண்முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அணுசக்தி நகரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உருப்பெற்று, ஐதராபாத்திலுள்ள இந்திய மின்னணுக் கழகத்தின் வழியாக 1969இல் வெளிவந்த கணினி டிடிசி-12. 'டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர்' என்பதே அப்பெயரின் விரிவு. அதன் சொல்நீளம் 12 பிட். பன்னிரண்டை மும்மூன்றாகப் பிரித்தால் மிச்சமின்றி நான்கு எட்டடிமான இலக்கங்கள் கிடைக்கும். 12, 18, 36 பிட் இயந்திரங்களுக்கு எட்டடிமானம் இயல்பாகப் பொருந்தியது இதனால்தான். 8 பிட் பைட்டு நிலைபெற்றபின் இப்பொருத்தம் குலைந்தது. எட்டு மூன்றால் வகுபடாது, நான்கால் வகுபடும். பதினாறடிமானம் மேலோங்கியது. ஆகவே ஒரு முகவரி எழுதப்பட்ட முறையிலேயே அது பிறந்த இயந்திரத்தின் உடலமைப்பு பதிந்திருக்கிறது.

ஒரே காலத்தில், ஒரே நாட்டில்கூட வழக்குகள் மாறுபட்டன. 1984இல் தொடங்கிய நடுவணரசின் 'கிளாஸ்' திட்டம் இந்தியப் பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொண்டுவந்தது. 1986இல் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று ஸ்பெக்ட்ரம்+ கணினியை இங்கு விற்கத் தொடங்கியது. பிபிசியின் பேசிக் மொழி & குறியிட்டுப் பதினாறடிமானத்தை ஏற்றது; அதன் வண்ண வரைகலைத் திரைகளுள் ஒன்றான 'மோட் 2' &3000இல் தொடங்கும். ஸ்பெக்ட்ரமின் பேசிக் பத்தடிமானத்தையே பேசியது. அதன் திரை 16384இல் தொடங்கும். நோட்டுப் புத்தகத்தில் & குறி விடுபட்டால், 3000 என்பது திரையை விட்டு, பிபிசியின் இயக்க அமைப்பு தனக்கென ஒதுக்கிக்கொண்ட பகுதியைச் சுட்டிவிடும். ஒரு குறியின் இழப்பு பொருளையே மாற்றுகிறது.

எண்முறை தெளிந்த பின்னும் சிக்கல் தீர்வதில்லை. எங்கிருந்து எண்ணுகிறோம் என்ற கேள்வி எஞ்சும். 1990களில் இங்கு 'டிவி வீடியோ கேம்' என விற்கப்பட்டவை பெரும்பாலும் நின்டெண்டோ கருவியின் நகல்கள். அதன் செயலி, கார்ட்ரிட்ஜில் உள்ள நிரலைப் பதினாறடிமான 8000 முதலான 32 கிலோபைட்டு இடைவெளி வழியாகவே காணும். 'காண்ட்ரா'வின் அமெரிக்கப் பதிப்பின் நிரலோ 128 கிலோபைட்டு. அது 16 கிலோபைட்டு கொண்ட எட்டுப் பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. இறுதிப் பகுதி மேற்பாதியில் நிலையாக நிற்க, ஏனைய ஏழும் 8000இல் மாறி மாறி வந்தமரும். எனவே 9000 என்னும் முகவரி அந்நிரலில் ஏழு இடங்களைக் குறிக்கக்கூடும். பகுதி எண் 3 என்று தெரிந்தால் கணக்கிடலாம்: 3 × 16384 = 49152; 9000க்கும் 8000க்கும் இடையிலுள்ள தொலைவு 4096; கோப்பின் முகப்பிலுள்ள தலைப்பு 16 பைட்டு; கூட்டினால் 53264. பகுதி எண் தெரியாவிடில் எந்தச் சூத்திரமும் உதவாது.

கல்வெட்டியல் பயின்றோர்க்கு இது புதிதன்று. சோழர் கல்வெட்டுகள் காலத்தை ஆட்சியாண்டால் குறிக்கின்றன. முதலாம் இராசராசனின் 29ஆம் யாண்டு எனில், 985ஆம் ஆண்டுடன் 28ஐக் கூட்டி 1013 என்கிறோம். யாண்டு ஒன்றிலிருந்து எண்ணப்படுவதால் ஒன்றைக் கழிக்கிறோம்; நினைவகமோ சுழியிலிருந்து எண்ணப்படுகிறது. ஆனால் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களைச் சோழர் மாறி மாறிச் சூடினர். முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தர சோழன், முதலாம் இராசராசன் ஆகிய அனைவரும் இராசகேசரிகளே. 'இராசகேசரிக்கு ஐந்தாம் யாண்டு' என்று மட்டும் சொல்லும் கல்வெட்டு, பகுதி எண் இல்லாத முகவரி. அங்கே கணக்கு நின்றுவிடுகிறது. எழுத்தமைதியும் கல்வெட்டில் வரும் அதிகாரிகளின் பெயர்களும் துணைக்கு வருகின்றன. விளையாட்டு நிரலை ஆராய்வோரும் அவ்வாறே, அந்த முகவரிக்குத் தாவும் கட்டளைகளையும், அதற்குச் சற்று முன் எந்தப் பகுதி தெரிவுசெய்யப்பட்டது என்பதையும் பார்த்தே முடிவுக்கு வருகின்றனர்.

இந்த ஒப்புமை அழகுக்காகச் சொல்லப்பட்டதன்று. கல்வெட்டு கல்லில் நின்றதால் மறுவாசிப்புக்கு வாய்ப்பளித்தது. 1980களின் நோட்டுப் புத்தகங்களும் அச்சிட்ட நிரல் தாள்களும் கேசட்டுகளும் அத்துணை வலியனவல்ல. அவற்றின் இலக்கங்களை மட்டும் படியெடுத்து, இயந்திரத்தின் பெயரையும் எண்முறையையும் தொடக்கப் புள்ளியையும் விட்டுவிட்டால், நாம் காப்பது எண்களை மட்டுமே. அவை சுட்டிய இடங்களை அல்ல. பழைய நிரல்களைச் சேகரிக்கும் மாணவர்கள் முகவரிகளைத் தம் வசதிக்கேற்ற வடிவத்திற்கு மாற்றுவதில் தவறில்லை. மூல வடிவத்தை அருகிலேயே வைத்து, மாற்றிய முறையையும் எழுதிவைக்க வேண்டும். கல்வெட்டுப் பதிப்பில் மூலபாடத்தை நீக்கிவிட்டு ஆங்கில ஆண்டை மட்டும் அச்சிடுவதை நாம் ஏற்பதில்லை. இங்கும் அதே நெறியே வேண்டும்.