சாயவேரும் கடல் கடந்த சிவப்பும்

டச்சுக்காரர் 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்த வரலாறு இவ்விதழில் இடம்பெறும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அந்தப் போரின் பரிசாக முத்தை மட்டுமே காட்டும் வழக்கம் பிழையானது என்பதால், சாயவேரைச் சொல்லாமல் அதற்குள் நுழைய இயலாது.

சாயவேர் என்பது இம்பூறல் என்னும் சிறுசெடியின் வேர். மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் உள்ள மணற்பாங்கான நிலம் இதற்கு உகந்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள ஓட்டப்பிடாரத்தைச் சூழ்ந்த கரிசல் பருத்தியைத் தர, கடற்கரை மணல் அதன் சிவப்பைத் தந்தது.

நெய்த துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் நனைத்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பற்றிக்கொள்ள உதவ, பாலின் கொழுப்பு, எழுதும் நீர்மம் இழைகளில் பரவாமல் காக்கும். பின்னர் படிகாரக் கரைசலால் எழுதி அல்லது அச்சுக்கட்டையால் பதித்து, சாயவேரோடு கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டுமே சிவப்பு நிலைக்கும். எத்தனை முறை துவைத்தாலும் போகாத இந்த நிறத்துக்காகவே, மசூலிப்பட்டினத்துக் கலம்காரித் துணிகளைப் பாரசீக வணிகர் தேடி வந்தனர். தொழுகைத் திசையைக் குறிக்கும் மாடமாகிய மிஹ்ராபின் வளைவும், அதன் இருபுறமும் சைப்ரஸ் மரங்களும், உருவங்களைத் தவிர்த்த பூங்கொடிகளும் அத்துணிகளில் எழுதப்பட்டன. இவற்றுக்கும் முந்தையவை, கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் கிடைத்த குஜராத்து அச்சுத் துணிகள். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் மட்டும் அத்தகைய துண்டுகள் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. எகிப்தியச் செல்வரின் பட்டைவிட, எளிய மக்கள் உடுத்திக் கிழித்த இந்தப் பருத்தித் துண்டுகளே இந்தியக் கைத்திறனுக்கு உறுதியான சான்று.

பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் இறங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். குதிரையையும் முத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், வெயிலில் குனிந்து வேர் குத்தியவர்களைக் கண்டுகொள்ளவில்லை. அவர்களை நன்கு கணக்கிட்டவர்கள் டச்சுக்காரரே. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேரைத் தங்கள் வணிகக் கும்பினியின் தனியுரிமையாக்கி, விளைந்த நிலத்தின் மக்களையே தங்கள் வேருக்கு அந்நியராக்கினர். டச்சுத் தளபதி ரைக்லோஃப் வான் கூன்ஸை வெறும் வெற்றி வீரராகப் புகழும் நூல்கள், அவருடைய படைகள் திறந்துவிட்ட இந்த வழியை மறைக்கின்றன. அவரது படை தூத்துக்குடியையும் மன்னாரையும், பின்னர் ஜூனில் யாழ்ப்பாணத்தையும் 1658இல் அடுத்தடுத்துக் கைப்பற்றிய விவரம் அடுத்த இதழில் இடம்பெறும்.