சலவைச் சீட்டும் கல்யாணமும்: ‘நார்த்தாங்கர் அபி’யில் பேய்வீட்டு மரபு

ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபி’ பேய்வீட்டுக் கதைகளின் மோகத்தைச் சிரித்துக் கலைக்கும் நாவல் என்பது பரவலான கருத்து. 1803-இல் பத்து பவுனுக்கு இதை வாங்கிய பதிப்பாளர் அச்சிடவில்லை. ஆஸ்டின் 1816-இல் அதே தொகைக்குத் திரும்பப் பெற்றார். அவர் மறைந்த பிறகு, 1817 டிசம்பரில்தான் நூல் வெளிவந்தது. சிரிப்பு அதில் நிறையவே இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு காதிக் எனப்படும் பேய்வீட்டு மரபை அழிப்பதில்லை, அதன் வேலையை வேறு வழியில் செய்து முடிக்கிறது. அதற்குச் சான்று கதையில் வரும் ஒரு சலவைச் சீட்டு.

ஆன் ராட்கிளிஃப் எழுதிய ‘தி ரொமான்ஸ் ஆஃப் த ஃபாரஸ்ட்’ (1791) நாவலில் பாழடைந்த மடத்தில் கைதி ஒருவனின் கையெழுத்துப் பிரதி நாயகிக்குக் கிடைக்கிறது. கொலையுண்ட அந்தக் கைதி தன் தந்தையே என்று அவள் பின்னால் அறிகிறாள். வீடு மறைத்துவைத்த உண்மையைக் காகிதம் வெளியே கொண்டுவருவதே அந்த மரபு.

இத்தகைய கதைகளில் ஊறிய கேதரின் மார்லண்ட், தன் மனம் கவர்ந்த ஹென்றி டில்னியின் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறாள். பழைய மடமான அந்த வீட்டில் ஒட்டடையோ உடைந்த கண்ணாடியோ இல்லை. அகன்ற பழைய கணப்பு இருக்க வேண்டிய இடத்தில், 1790களில் புதுமையாக இருந்த ரம்ஃபோர்டு அடுப்பு. தோட்டத்துக் கண்ணாடிக் கூடத்தில் ஓராண்டில் நூறு அன்னாசி. புயலடிக்கும் இரவில் அலமாரிக்குள் ஒரு காகிதச் சுருள் அகப்படுகிறது, மெழுகுவர்த்தி அணைகிறது, நடுக்கத்தில் உறக்கம் வரவில்லை. விடிந்ததும் பார்த்தால் சட்டை, காலுறை, கழுத்துத்துணிக்கான சலவைக் கணக்கும், குதிரைக்குப் பற்றுப் போட்ட செலவும்தான்.

கேலி இங்கேயே முடிந்ததாகப் பலரும் கொள்கின்றனர். நாவலோ கடைசி அத்தியாயத்தில் அந்தச் சீட்டுக்கு உரியவரைச் சொல்லிவிடுகிறது. ஹென்றியின் தங்கை எலனாரை நேசித்து, வசதியும் அந்தஸ்தும் போதாமல் பேச முடியாதிருந்த ஒருவர் அவ்வீட்டில் நெடுநாள் தங்கியிருந்தார். அவருடைய வேலையாள் கவனக்குறைவாக விட்டுச்சென்றவையே அந்தக் காகிதங்கள். கேதரின் தேடியது இறந்துபோன யாரோ ஒருத்தியின் துயரக் கதை. கையில் இருந்ததோ உயிரோடிருப்பவளின் அடக்கிவைத்த காதலின் தடயம். ராட்கிளிஃபின் பிரதி செய்ததையே இந்தச் சீட்டும் செய்கிறது, படித்தவளுக்குத் தெரியாமல்.

பேய்வீட்டுக் கதைகளுக்குரிய கொடுங்கோலனும் இல்லாமல் போகவில்லை. கேதரின் நினைத்ததுபோல் ஹென்றியின் தந்தை ஜெனரல் டில்னி தன் மனைவியைக் கொன்றவர் அல்லர். ஆனாலும் கேதரின் பணக்காரி அல்லள் என்று கேள்விப்பட்டதும், ஞாயிற்றுக்கிழமை விடியலில், துணைக்கு ஆளின்றி எழுபது மைல் பயணத்துக்கு அவளை விரட்டுகிறார். அன்னாசியை எண்ணுகிற அதே கணக்குப் புத்தி மனிதர்மேலும் பாய்கிறது. சிரித்துக்கொண்டே வந்த வாசகர் நிற்கும் இடம் இது. நாவலின் உண்மையான பயமும் இதுவே.

ஹென்றி தந்தையை எதிர்த்துக்கொண்டு வந்து கேதரினைக் கேட்கிறான். ஆனால் தந்தையின் சம்மதம் கிடைக்க அது போதவில்லை. சலவைச் சீட்டின் சொந்தக்காரருக்கு எதிர்பாராமல் பட்டமும் சொத்தும் வாய்க்க, எலனார் அவரை மணந்து வைகவுண்ட் ஒருவரின் மனைவியாகிறாள். அந்த மகிழ்ச்சியில் இருக்கும் ஜெனரலிடம் அவளே அண்ணனுக்காகப் பரிந்து பேசுகிறாள். மார்லண்ட் குடும்பம் அவ்வளவு ஏழையுமல்ல, மகளுக்கு மூவாயிரம் பவுன் உண்டு என்பதும் தெரியவர, அவர் இணங்குகிறார்.