சேவை ஒப்பந்தம் (மென்பொருள் கட்டமைப்பு)

சேவை சார்ந்த மென்பொருள் கட்டமைப்பில் ஒரு நிரல் பிற நிரல்களுக்கு எதைச் செய்து தரும், அதற்கு எந்தத் தகவலைக் கேட்கும், முடியாதபோது என்ன பதில் சொல்லும் என்று எழுதிவைப்பது சேவை வரையறை. எவ்வளவு நேரத்துக்குள், எவ்வளவு நெரிசலிலும், தவறினால் என்ன ஈட்டுடன் என்பதையும் சேர்த்தால் அது ஒப்பந்தமாகிறது. வேலை உள்ளே எப்படி நடக்கிறது என்பது இரண்டிலும் வராது. வரவும் கூடாது.

இந்த மௌனத்தின் பயனை நம் கோயில் சுவர்களிலேயே பார்க்கலாம். சோழர் காலத்தில் அணையாது எரியும் நந்தாவிளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாகத் தருவது வழக்கம். அவற்றை ஏற்றுக்கொண்ட மன்றாடி, அதாவது இடையர், சந்திர சூரியர் உள்ளவரை நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. செத்ததன் இடத்தைக் குட்டி நிரப்பும். கணக்கில் ஆடு குறையாது. எந்த மேய்ச்சல் நிலம், கறப்பது மகனா பேரனா என்பதெல்லாம் கல்லில் இல்லை. நெய் மட்டுமே இருக்கிறது. ‘பன்மாகேசுவர ரட்சை’ (சிவனடியார்களின் காவல்) என்ற முடிப்பு, கண்காணிப்பு யார் பொறுப்பு என்பதையும் சொல்லிவிடுகிறது. இன்றைய கணினிக்கூடத்தில் பழுதான சேவையகத்தை மாற்றுவதும் வெளியிலிருப்பவருக்குத் தெரியாமல் குட்டி ஆடு சேர்ப்பதுதான்.

மென்பொருளில் ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லை நிலைநாட்டியவர் பெர்ட்ரண்ட் மேயர். ஐஃபெல் என்ற நிரல்மொழிக்காக 1980களில் அவர் வகுத்த முறையில், அழைப்பவர் முன்நிபந்தனையைக் காக்க வேண்டும். அழைக்கப்படுபவர் பின்நிபந்தனையைக் காக்க வேண்டும். வலைச் சேவைகளின் இடைமுகத்தை விவரிக்கும் டபிள்யூ.எஸ்.டி.எல். 1.1 வடிவம் 2001இல் வெளியானது. ஓயாசிஸ் அமைப்பு சேவை சார்ந்த கட்டமைப்புக்கான மேற்கோள் மாதிரியை 2006இல் வெளியிட்டது.

யு.பி.ஐ. இன்று நம் கையிலுள்ள பெரிய எடுத்துக்காட்டு. திருவண்ணாமலை கிரிவலப் பாதைத் தேநீர்க் கடையில் ஒருவர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால், அவருடைய செயலி, அவர் வங்கி, கடைக்காரர் வங்கி, நடுவில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் என்று பல தரப்புகள் பேசிக்கொள்கின்றன. ஒருவரின் மென்பொருள் மற்றவருக்குத் தெரியாது. தெரிந்தது கழகம் வகுத்த எக்ஸ்.எம்.எல். செய்திகளின் வடிவம் மட்டுமே. ஒவ்வொரு செய்தியிலும் மின்னொப்பம் இருக்கும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. கோரிக்கைக்கு முதலில் கிடைப்பது ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகைதான். பணம் போனதா இல்லையா என்பது பிறகு வேறொரு செய்தியாக வரும். சில சமயம் திரையில் ‘பெண்டிங்’ என்று நிற்பது இந்த இடைவெளியில்தான். வரையறை வெற்றி, தோல்வி இரண்டோடு நில்லாமல் ‘இன்னும் தெரியவில்லை’ என்ற மூன்றாம் நிலைக்கும் இடம் தந்திருப்பது பாராட்டத்தக்கது.

அந்த நிலை எத்தனை நாள் நீடிக்கலாம்? இதை ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை சொல்கிறது. கணக்கில் பிடித்த பணம் கடைக்காரருக்கு உறுதியாகாவிட்டால் பரிமாற்ற நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும்; தனிநபருக்கு அனுப்பியது சேராவிட்டால் மறுநாளுக்குள். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 ஈடு. செய்தி வடிவம் கழகத்தின் ஆவணத்தில் இருக்க, ஈடு ரிசர்வ் வங்கியின் ஆணையில் இருக்கிறது. வரையறையும் ஒப்பந்தமும் இப்படி வெவ்வேறு கைகளில் இருப்பது இயல்பே.

நடைமுறையில் ஒப்பந்தம் பெரும்பாலும் பொருளில்தான் கெடுகிறது. ‘தொகை: எண்’ என்று எழுதினால் கணினி ஏற்கும், ரூபாயா பைசாவா என்று மனிதருக்குத் தெரியாது. எழுதிமுடித்த நிரலிலிருந்து கருவியைக் கொண்டு ஒப்பந்தத்தை உருவிக்கொள்வது இன்னொரு கெட்ட பழக்கம்: உள்ளே ஒரு பெயர் மாறினால் வெளியே பத்துப் பேருக்கு உடைகிறது. சராசரி மறுமொழி நேரமும் ஏமாற்றும். 14 கி.மீ. கிரிவலப் பாதை நிரம்பி வழியும் பௌர்ணமி இரவை மனத்தில் வைக்காமல் மாதச் சராசரியில் தரும் உறுதி, அங்கே கடை வைத்திருப்பவருக்கு உதவாது.

கல்வெட்டுக்கும் மென்பொருள் ஒப்பந்தத்துக்கும் ஒப்புமை முறியும் இடம் மாற்றம். கல்லில் வெட்டியது அப்படியே நிற்கும்; மென்பொருள் ஒப்பந்தம் மாறும், அதனால் அதற்குப் பதிப்பு எண் வேண்டும். கட்டாயமில்லாத புதிய புலத்தைச் சேர்ப்பது பொதுவாகப் பழைய பயனரைப் பாதிக்காது. இருந்ததை நீக்கினால், அல்லது பெயரை வைத்துக்கொண்டு பொருளை மாற்றினால், அது புதிய பதிப்பு. எல்லோரும் புதியதற்கு மாறும்வரை, அறிவித்த கெடு முடியும் நாள் வரையாவது, பழைய பதிப்பும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.