வேகம் சொல்லாதது: எஸ்டர் உடைந்த வரலாறு

விஞ்ஞான வரலாறு என்றால் நமக்குக் கிடைப்பது யார், எப்போது, என்ன என்கிற பட்டியல்தான். எது வரைக்கும் தெரியாமலே இருந்தது என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை. எஸ்டரின் நீராற்பகுப்பு அதைக் கேட்க வைக்கிறது.

அமிலமும் ஆல்கஹாலும் ஒரு தண்ணீர் மூலக்கூற்றை விட்டுவிட்டுச் சேர்ந்தால் எஸ்டர். தண்ணீர் திரும்ப வந்தால் பிரியும். எண்ணெயும் கொழுப்பும் எஸ்டர்கள்தான். சோப்புக் காய்ச்சியவர்கள் காரத்தால் இவற்றை உடைத்துக்கொண்டிருந்தார்கள், பெயர் தெரியாமலே. உள்ளே என்ன நடக்கிறது என்று 1823-இல் செவ்ரெல் எழுதினார். 'என்ன' முடிந்தது. 'எவ்வளவு வேகம்?' 1850-இல் வில்ஹெல்மி, அமிலத்தில் சர்க்கரை உடைகிற வேகத்தை அளந்து சமன்பாடு எழுதினார். யாரும் சட்டை செய்யவில்லை. 1864-இல் செத்தும் போனார். 1880-களில் ஆஸ்ட்வால்ட்தான் அவரைத் தேடியெடுத்தார். ஆஸ்ட்வால்ட் மெதில் அசிடேட்டை வெவ்வேறு அமிலங்களில் உடைத்து, உடையும் வேகத்தைக் கொண்டே அமிலங்களின் வலிமையை வரிசைப்படுத்தினார்.

அமிலமும் காரமும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். அப்படியில்லை. அமிலம் வினையூக்கி, செலவாகாது. ஆனால் வினை பாதியில் நின்றுபோகும், திரும்பியும் வரும். எதிர்த்திசையில் பெர்த்தலோவும் சான்-ஜிலும் 1862-இல் இதைக் கண்டார்கள்: அசிடிக் அமிலத்தையும் எதில் ஆல்கஹாலையும் சம அளவில் சேர்த்தால் மூன்றில் இரண்டு பங்கோடு நின்றுவிடுகிறது. காரமோ தானே செலவாகிறது. பிரிந்த அமிலம் உப்பாகிவிடுவதால் திரும்பிப் போக வழியில்லை. எதில் அசிடேட் 25 டிகிரியில், சம செறிவுள்ள அமிலத்தைவிடக் காரத்தில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேகமாக உடைகிறது.

சரி, உடைகிற இடம் எது? ஆக்சிஜனுக்கு இரண்டு பக்கமும் பிணைப்பு இருக்கிறது: ஒன்று அமிலப் பக்கம், இன்னொன்று ஆல்கஹால் பக்கம். காரத்தில், வேகம் எஸ்டரின் செறிவையும் காரத்தின் செறிவையும் பெருக்கினால் வருகிறது. எந்தப் பக்கம் வெட்டினாலும் அதே சமன்பாடுதான். இதுதான் கவனத்திற்குரியது. ஒரு நிகழ்வின் விகிதத்தைத் துல்லியமாகச் சொல்லிவிட்டால் நிகழ்ந்த விதத்தையும் சொல்லிவிட்டதாக நம்புகிற நேர்காட்சிவாதம் இங்கே முட்டி நிற்கிறது. எண் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வேறொரு சாட்சி வேண்டியிருந்தது. பெர்லினில் ஹாபரின் நிறுவனத்தில் இருந்த மைக்கேல் பொலானி ஹங்கேரிய யூதர். நாஜிகள் அரசுப் பணிகளிலிருந்து யூதர்களை விரட்டத் தொடங்கிய 1933-இல் ராஜினாமா செய்து மான்செஸ்டருக்குப் போனார். அடுத்த ஆண்டு அவரும் ஸாபோவும் கன ஆக்சிஜன் கலந்த தண்ணீரில், காரத்தில், அமைல் அசிடேட்டை உடைத்தார்கள். பிரிந்த ஆல்கஹாலில் கன ஆக்சிஜன் இல்லை. ஆக, ஆல்கஹால் தன் பழைய ஆக்சிஜனோடுதான் வெளியே வந்திருக்கிறது. வெட்டு விழுந்தது அமிலப் பக்கம். அமிலத்திலும் பெரும்பாலும் அப்படியே. மூவிணைய பியூட்டைல் எஸ்டர்களில் மட்டும் அமிலம் மறுபக்கம் வெட்டும்.

அதிலும் கதை முடியவில்லை. 1951-இல் பெண்டர் எஸ்டருக்குள்ளேயே குறியிட்ட ஆக்சிஜனை வைத்து, வினையைப் பாதியில் நிறுத்தி, உடையாமல் மிஞ்சியதைச் சோதித்தார். அதில் குறி குறைந்திருந்தது. அதாவது, தண்ணீர் ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜனை மாற்றிக்கொண்டு, பிரியாமலே திரும்பியிருக்கிறது. இடையில் ஒரு நிலை இருந்திருக்கிறது. விளைபொருளை மட்டும் எண்ணுகிற கணக்கில் இந்தத் திரும்புதல் பதிவே ஆகாது. உடைந்தவற்றை எண்ணுவது சுலபம். உடையாமல் மிஞ்சியதன் மேல் விழுந்த தடத்தைப் படிக்க 1850-இலிருந்து நூறு ஆண்டு பிடித்திருக்கிறது.