குற்றவாளி

தாம்பரம் கடைகளில் தொங்கும் மாலை நாளிதழ் வால்போஸ்டரில், கைதான அன்றே ஒருவர் ‘குற்றவாளி’ ஆகிவிடுகிறார். குற்றம் என்றால் பழந்தமிழில் மாசு, குறை. திருக்குறளின் ‘குற்றங்கடிதல்’ பேசுவது செருக்கு, சினம் போன்றவற்றைத்தான், சட்டமீறலை அல்ல. பாட்டில் புலவர்கள் கண்டதும் சொற்குற்றம், பொருட்குற்றம். ‘ஆளி’ என்றால் உடையவர். கடனாளி, அறிவாளி போல. ஆகவே குற்றவாளி என்பது ஐயம் அல்ல, முடிந்த தீர்ப்பு. ஆனால் நீதிமன்றத் தீர்ப்பே பின்னர் மாறலாம். 2017-இல் முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். கைதானவருக்கு 2018-இல் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், குற்றம் ஐயமற மெய்ப்பிக்கப்படவில்லை என்று அவரை விடுவித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் முன் சொல்லாராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கொதிப்பு முழுக்க நியாயமானது. ஆனால் இடையில் தூக்கு நிறைவேறியிருந்தால், விடுதலைத் தீர்ப்பை யாரிடம் படித்துக் காட்டுவது? மாற்றாக உள்ள ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ தலைப்புக்கு நீளம் என்பதும் உண்மையே. நீதிமன்றத் தமிழில் அதற்கு ‘எதிரி’ என்ற சொல் உண்டு. பகை தொனிப்பதால் வெளியே சரிவராது. ‘கைதானவர்’ போதும். இறுதித் தீர்ப்பு வரும்வரை செய்தியாளர்கள் அதையே எழுதட்டும்.