வலையட்டையைக் கெடுத்தது யார்? 2008 தரும் பாடம்



கணினியின் இயங்குதளத்தை மேம்படுத்தியதும் இணையத் தொடர்பு அறுந்துபோவதை நம்மில் பலர் கண்டிருப்போம். கணினியைப் பிணையத்துடன் இணைப்பது வலையட்டை. அவ்வட்டையை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருள் இயக்கி. ஆகவே, தொடர்பு அறுந்தால் முதற்பழி இயக்கியின் மீதே விழுகிறது. அப்பழி எப்போதும் நியாயமானதன்று என்பதற்கு 2008ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று சான்றாகும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.27ஆம் பதிப்பு அவ்வாண்டில் சோதனை நிலையில் இருந்தது. உபுண்டு 8.10 முதலியவற்றின் முன்னோட்டப் பதிப்புகள் அதனைக் கொண்டிருந்தன. அவற்றை நிறுவிய சிலரின் கணினிகளில் இன்டெல் வலையட்டை செயலிழந்தது. பழைய இயங்குதளத்திற்குத் திரும்பியும் பயனில்லை. அட்டையின் முகவரியும் அமைப்பும் பொறிக்கப்பட்டிருந்த நிலைநினைவகமே சிதைந்திருந்தது. மென்பொருள் வன்பொருளையே முடக்கிவிட்டது!

'இ1000இ' என்னும் இயக்கியே குற்றவாளி எனக் கருதப்பட்டது. திரைவரைகலை இயக்கியின் மீதும் ஐயம் எழுந்தது. காரணம் தெரியாத நிலையிலும் பொறியாளர்கள் கைகட்டி நிற்கவில்லை. உபுண்டுவின் முன்னோட்டப் பதிப்பில் அவ்வியக்கி தற்காலிகமாக முடக்கப்பட்டது. நிலைநினைவகத்தில் எதுவும் எழுத இயலாதவாறு பூட்டும் திருத்தத்தை இன்டெல் பொறியாளர்கள் வழங்கினர். அக்டோபர் 9 அன்று 2.6.27 அப்பாதுகாப்புடன் வெளிவந்தது.

அக்டோபர் நடுப்பகுதியில் உண்மை வெளிப்பட்டது. குற்றவாளி இயக்கியன்று, கெர்னலின் செயற்பாடுகளைத் தடம் பிடிப்பதற்காகப் புதிதாகச் சேர்க்கப்பட்ட 'எஃப்டிரேஸ்' என்னும் கருவி! அது நிரல்கள் இருந்த நினைவக இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் அங்கே சென்று மாற்றம் செய்யும். தொடக்கப் பணி முடிந்த நிரல்கள் தம் இடத்தைக் காலி செய்துவிடும். அவ்வாறு காலியான இடம் சில வேளைகளில் வலையட்டையின் நிலைநினைவகத்திற்குச் செல்லும் வாயிலாக ஒதுக்கப்பட்டது. குடியிருந்தவர் வீடு மாறியதை அறியாத ஒருவர் பழைய முகவரிக்கே சென்று சுவரை இடித்ததைப் போல, எஃப்டிரேஸ் அங்கே எழுதி அட்டையைக் கெடுத்தது. அதன்பின் வந்த 2.6.27.1 பதிப்பில் அவ்வசதி நிறுத்தி வைக்கப்பட்டது.

இந்நிகழ்வில் நமக்கு இரு பாடங்கள் உள்ளன. முதலாவது, காரணம் தெரியும் வரை காத்திராமல் சேதத்தைத் தடுக்க வேண்டும். இரண்டாவது, சேதத்தைத் தடுத்ததோடு நில்லாமல் மூலகாரணத்தைத் தேட வேண்டும். பூட்டுத் திருத்தத்தோடு அனைவரும் மனநிறைவு அடைந்திருந்தால், எஃப்டிரேஸ் வேறு எதையேனும் கெடுத்திருக்கக்கூடும்; இயக்கியும் பழி சுமந்தே இருந்திருக்கும்.

இயங்குதளத்தை மேம்படுத்தும் முன் வலையட்டையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குரிய இயக்கியை ஒரு விரலியில் சேமித்து வையுங்கள். இணையம் அறுந்தபின் அதனைப் பதிவிறக்க வழியிராது.

வகுப்பறையிலும் இதே நெறி பொருந்தும். கண்ணாடி உடைந்த இடத்தில் நிற்கும் மாணவனே அதனை உடைத்தவன் என்று முடிவுகட்டுவதற்கு முன், ஒருகணம் அந்த இயக்கியை நினைத்துப் பார்ப்போமாக.