சாபச் சங்கீதங்கள்

பகைவனைத் தண்டிக்கும்படி கடவுளிடம் முறையிடும் விவிலியப் பாடல்கள் சாபச் சங்கீதங்கள் எனப்படுகின்றன. சங்கீத நூலின் 150 பாடல்களில் 35, 58, 69, 83, 109, 137 ஆகியவை இவ்வகையில் முதன்மையானவை. கத்தோலிக்கர் இந்நூலைத் திருப்பாடல்கள் என்பர். பழிவாங்கும் வேட்கையை ஜெபமாக்கலாமா என்ற கேள்வி கிறிஸ்தவ வரலாறு நெடுகிலும் இப்பாடல்களைச் சுற்றியே எழுந்திருக்கிறது.

கி.மு. 587 வாக்கில் பாபிலோனியர் எருசலேமை அழித்து மக்களைச் சிறைபிடித்துச் சென்ற துயரத்தில் பிறந்தது 137ஆம் சங்கீதம். ஆற்றங்கரை அழுகையோடு தொடங்கும் அது, பாபிலோனின் குழந்தைகளைப் பாறையில் மோதுகிறவனை வாழ்த்தி முடிகிறது. வாசிப்பவரைக் கூசவைக்கும் முடிவுதான். ஆனால் அதைப் பாடியவர்களிடம் வாளும் இல்லை, நாடும் இல்லை. பழிவாங்குவது கடவுளுக்கே உரியது என்கிறது உபாகமம் 32. வழக்கை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தாம் கையோங்காமல் இருப்பதே இந்த ஜெபத்தின் அடிப்படை.

பகைவருக்காக ஜெபிக்கச் சொன்ன இயேசு, சிலுவையில் அதைச் செய்தும் காட்டினார். கல்லெறிபட்டுச் சாகும்போது ஸ்தேவானும் அவ்வாறே மன்றாடினார். பவுல் ரோமர் 12இல் உபாகம வசனத்தை எடுத்தாண்டு, பசித்த பகைவனுக்கு உணவிடச் சொன்னார். நமக்குப் போராட்டம் மனிதரோடு அல்ல, பொல்லாத ஆவிகளோடு என்கிறது எபேசியர் 6. ஆயினும் பழைய குரல் அடங்கவில்லை. தங்கள் இரத்தத்துக்கு நீதி எப்போது என்று வெளிப்படுத்தல் 6இல் இரத்தசாட்சிகள் கேட்கிறார்கள். அதற்காக அவர்களை யாரும் கடிந்துகொள்வதில்லை. அவர்களுக்கு வெள்ளை அங்கி கொடுக்கப்பட்டு, காத்திருக்கும்படி சொல்லப்படுகிறது.

திருச்சபைத் தந்தையர் பகைவனை மனத்துக்குள் தேடினார்கள். பாபிலோனின் குழந்தைகள் உள்ளத்தில் முளைக்கும் தீய எண்ணங்கள் என்றார் ஓரிகன். அவை மோதப்படும் பாறை கிறிஸ்துவே என்றார் அகுஸ்தீன். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ், எட்டுவகைத் தீய எண்ணங்களைத் தூண்டும் பிசாசுகளுக்கு மறுமொழியாக வேதவசனங்களைத் தொகுத்தார். வாரந்தோறும் 150 சங்கீதங்களையும் ஓதப் பணித்த புனித பெனடிக்டின் துறவற ஒழுங்கிலும் இந்தப் பாறை விளக்கம் உண்டு.

பிரான்சில் 10, 11ஆம் நூற்றாண்டுகளில் பகைவன் மீண்டும் மனிதனானான். மடத்து நிலங்களைப் பிரபுக்கள் பறித்தபோது, துறவிகள் புனிதரின் எலும்புகளைத் தரையில் இறக்கிவைத்து, தாங்களும் குப்புற விழுந்து சங்கீதங்களால் முறையிட்டனர். அரச நீதி எட்டாத இடங்களில் அவர்களுக்கு வேறு புகலிடம் இல்லை. இவ்வாறு புனிதரைத் தாழ்த்தும் வழக்கத்தை 1274இல் இரண்டாம் லியோன் சங்கம் கண்டித்துத் தடைசெய்தது. அதைவிடக் கொடியது கூலிக்குச் சபிப்பது. 1557இல் வெளியான சங்கீத விளக்கவுரையில், 109ஆம் சங்கீதத்தை எதிரிக்கு எதிராக ஓதப் பிரான்சிஸ்கன் துறவிகளைப் பணத்துக்கு அமர்த்தும் வழக்கத்தைச் சீர்திருத்தவாதி கால்வின் சாடுகிறார். சொந்த மகனையே சபிக்க அவர்களை அமர்த்திய ஒரு பிரெஞ்சுப் பெண்மணியையும் குறிப்பிடுகிறார். காயம்பட்டவனின் கதறல் விலைபேசப்பட்டபின் அது ஜெபமே அல்ல, சூனியம்.

பின்வந்தோர் கத்தரிக்கோலை எடுத்தனர். 1719இல் ஆங்கிலப் பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ் தம் சங்கீதப் பாடல்களில் சாபங்களை விலக்கினார். 1784இல் அமெரிக்க மெத்தடிஸ்டுகளுக்காக அவ்வியக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி தொகுத்த வழிபாட்டு நூலிலும் பல சங்கீதங்கள் இடம்பெறவில்லை. 1971இல் கத்தோலிக்கரின் சீரமைக்கப்பட்ட நேர ஜெபம் 58, 83, 109 மூன்றையும் முழுதாக விட்டது. வாசிப்பவரின் கூச்சம் தீர்ந்தது. ஒடுக்கப்பட்டவரோ தமக்கென இருந்த சொற்களை இழந்தார்.

அந்தச் சொற்களைக் கைவிடாதவர் ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர். 1937 ஜூலை 1 அன்று நாஜிகள் போதகர் மார்ட்டின் நீமோலரைக் கைதுசெய்தனர். பத்து நாள் கழித்து, தாம் நடத்திய ஃபின்கன்வால்ட் குருமடத்தில் போன்ஹோஃபர் 58ஆம் சங்கீதத்தின் மீது பிரசங்கித்தார். குற்றமற்ற கிறிஸ்து ஒருவரே இதை ஜெபிக்கத் தகுதியானவர், கடவுளின் பழி சிலுவையில் அவர்மீதே விழுந்தது, பழியைக் கடவுளிடம் விடுகிறவன் தன் பழியுணர்வையும் விட்டாக வேண்டும் என்றார். பின்னர் ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கேற்று 1945இல் தூக்கிலிடப்பட்டவர் அவர். அதனால் அந்தப் பிரசங்கத்தை எளிதான அறிவுரையாக யாரும் ஒதுக்க முடியாது.

1990களில் பகைவன் மறுபடியும் ஆவியானான். அமெரிக்கப் போதகர் பீட்டர் வாக்னர் உள்ளிட்டோர், ஊர்களையும் நாடுகளையும் ஆளும் ஆவிகளை ஜெபத்தால் எதிர்க்கும் ஆவிக்குரிய யுத்தப் போதனையைப் பரப்பினர். இந்தப் போர்மொழி மனிதரையே பகைவராகப் பார்க்கவைக்கலாம், பிற சமயத்தார் அதை வன்முறையாகப் புரிந்துகொள்ளலாம் என்று உலக நற்செய்தி இயக்கமான லொசான் இயக்கத்தின் 1993ஆம் ஆண்டு அறிக்கை எச்சரித்தது. மனிதர்மீதான சாபமும் ஓயவில்லை. 2009இல் அமெரிக்கக் கார்களில் அதிபர் ஒபாமாவுக்காக ஜெபிக்கச் சொல்லும் ஒட்டுத்தாள்கள் தோன்றின. அவற்றில் வசனம் இல்லை, சங்கீதம் 109:8 என்ற எண் மட்டுமே இருந்தது. அந்த வசனம் அவனுடைய நாட்கள் குறையவும் பதவி வேறொருவனுக்குப் போகவும் கேட்கிறது. அடுத்த வசனம் அவன் பிள்ளைகள் அநாதைகளாகவும் மனைவி விதவையாகவும் வேண்டுகிறது.